ஏற்காட்டு மலைச்சரிவுக்கு என்ன பேர் எழுதுவது: திணையா, வனத்துறைக் குறியீடா, மரத்தின் பேரா?

எங்கள் நோட்டில் ஒரு கட்டம் மட்டும் காலியாகவே கிடக்கிறது. இடம், உயரம், தேதி, பார்த்த செடிகள் எல்லாம் எழுதியாகிவிட்டது. 'தாவரக் கூட்டம்', அதாவது அங்கே சேர்ந்து வளரும் செடிகளின் தொகுதிக்கு என்ன பேர் என்ற கட்டத்துக்கு வந்ததும் ஆளுக்கொரு பேர் சொல்லி, பேச்சு முற்றி, டீ ஆறிப்போய், கடைசியில் யாரும் எதையும் எழுதுவதில்லை. நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் சேலம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை பகுதி பகுதியாக நடந்து எது எங்கே வளர்கிறது என்று குறித்து வைக்கிறோம். மலையிலுள்ள ஒரு ஊராட்சியின் மக்கள் பல்லுயிர் பதிவேட்டுக்கு (ஊரில் என்னென்ன செடி, உயிர் உண்டு என்று எழுதி வைக்கும் பதிவேடு) என்றைக்காவது இது உதவும் என்ற ஆசையும் உண்டு. ஆக ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடத்தின் தன்மை முன்னால், அங்கே ஓங்கி நிற்கும் மரத்தின் பேர் பின்னால், வனத்துறைக் குறியீடு ஓரத்தில் பென்சிலில். இதற்கு எப்படி வந்தேன் என்பதுதான் மீதிக் கதை.

இந்த மலையில் பேர் வைப்பது ஏன் இவ்வளவு தலைவலி என்றால், குறுகிய தூரத்துக்குள் எல்லாமே மாறிவிடுகிறது. சேலம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் சொச்சம். சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சாலை, 20 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான். கீழே வேலும் கள்ளியும், நடுவில் கோடையில் இலை உதிர்த்து எலும்பாக நிற்கும் காடு, மேலே வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கிற மரங்களும் மூடுபனியும். எந்த வளைவில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கேட்டால் ஒரு வளைவையும் கைகாட்ட முடியாது. கோடு போட்டால்தான் பேர் வைக்க முடியும், கோடோ மலையில் இல்லை.

சரி, முதலில் வனத்துறை முறை. சாம்பியன் என்ற ஆங்கிலேய வன அதிகாரி 1936-இல் இந்தியா, பர்மாக் காடுகளை வகை பிரித்தார். 1968-இல் சேத் என்பவரோடு சேர்ந்து அதைத் திருத்தினார். 16 பெரும் வகைகள், அவற்றுக்குள் நிறைய உட்பிரிவுகள். வனத்துறையின் செயல்திட்டங்கள் இன்றும் இந்த மொழியில்தான் பேசுகின்றன. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2011-இல் நாடு முழுவதற்கும் வெளியிட்ட காட்டுவகை வரைபடத் தொகுப்புக்கும் அடிப்படை இதுவே. நம் மலைக்கு இதை வைத்துப் பார்த்தால், அடிவாரம் 6ஏ, அதாவது தென்னிந்திய முட்காடு. நடுச்சரிவு 5ஏ/சி3, வறண்ட கலப்பு இலையுதிர் காடு. 1,000 மீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும் பசுங்காட்டுத் துண்டுகளை 8ஏ என்ற மலைக்காட்டு வகையில் வைக்கலாம். மூன்று வரியில் மலை முடிந்தது.

இதன் பெரிய வசதி, வேறு மாவட்டத்துக்காரர் நம் நோட்டைத் திறந்தாலும் 5ஏ/சி3 என்றதும் புரிந்துகொள்வார். ஜவ்வாது மலைக்காரரும் சித்தேரிக்காரரும் அதே குறியீட்டைத்தான் போடுவார்கள். அங்கேதான் எனக்குச் சங்கடமும் தொடங்குகிறது. நடுச்சரிவில் கல்மூங்கில் மண்டிய பள்ளம், வேங்கை நிற்கும் மேடு, ஒன்றுமே நிற்காத பாறைத் தளம், எல்லாவற்றுக்கும் ஒரே எண். அடர்ந்து மண்டிய மூங்கிலுக்கும், குறிப்பிட்ட மண்ணில் மட்டும் வரும் காட்டுக்கும் தனி உட்பிரிவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது நாடு தழுவிய கண். பத்தடிக்கு ஒருமுறை மாறும் சரிவில் நடக்கிறவருக்கு அது தூரத்திலிருந்து எடுத்த போட்டோ மாதிரிதான். இன்னொன்று, இது காடுகளுக்கான பட்டியல். உச்சியில் சேர்வராயன் கோயிலைச் சுற்றி இருக்கிற புல்வெளியை எங்கே போடுவது? சரிவில் வெயில் காயும் பாறையை எங்கே போடுவது?

அந்தப் பட்டியலில் 'சீரழிவு நிலை' என்று ஒரு வகையே உண்டு. புதர்க்காடு என்றால் ஒரு நல்ல காடு கெட்டுப்போய் நிற்கிறது என்ற அர்த்தத்தில் அந்த முத்திரை விழும். இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று சிலப்பதிகாரம்தான் ஞாபகம் வந்தது: முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்று இளங்கோ சொல்கிறாரே, அதே பார்வை! இரண்டிலும் வறண்ட புதர் நிலம் தனக்கென்று ஒன்றும் இல்லாத, வேறொன்றின் கெட்டுப்போன வடிவம். விறகு வெட்டியும் ஆடு மேய்த்தும் அப்படி ஆன சரிவுகள் இங்கே உண்டுதான். ஆனால் மேல்மண் அரையடிகூட இல்லாத, மழை குறைந்த கரட்டில் உசிலும் விராலியும் சூரையும் நிற்பதைப் பார்த்து இது முன்பு அடர்காடாக இருந்தது என்று யார் சொன்னார்கள்? அந்த இடத்துக்கு அதுதான் முழு வளர்ச்சியாக இருக்கலாம். அதனால் 'சீரழிந்த' என்ற சொல்லை நாங்கள் வெட்டிய அடிமரத்தைக் கண்ணால் பார்த்தால் ஒழிய எழுதக்கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

திணைக்கு வருவோம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 'இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே நிலத்துக்குப் பூவின் பேரை வைத்தவர்கள் நாம், நமக்கு எதற்கு நம்பர்?' என்பது அவர் கட்சி. சும்மா பெருமை பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்தால் விஷயம் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எல்லாம் செடியின் பேரால் வாழிடத்தைக் குறிக்கும் முறைதான். முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே வைக்கிறது தொல்காப்பியம். அந்தப் பொழுது எவ்வளவு முக்கியம் என்பது மார்ச் மாதம் இந்த மலையில் ஏறினவருக்குத் தெரியும். ஐப்பசியில் பச்சைச் சுவராக இருந்த அதே நடுச்சரிவு பங்குனியில் சாம்பல் நிறக் குச்சிகளாக நிற்கும், சித்திரையில் அதற்குள் கொன்றை மட்டும் மஞ்சளாகத் தொங்கும். எந்த மாதம் பார்த்தது என்று எழுதாத வகைப்பாடு பாதி வகைப்பாடு. எங்கள் நோட்டில் தேதி ஏற்கனவே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். தேதி இருக்கிறது, ஆனால் ஒரே இடத்துக்கு இரண்டு பருவத்தில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேர் எழுத வேண்டும் என்ற எண்ணம் திணையிலிருந்துதான் வந்தது.

அப்புறம் திணை மயக்கம். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வந்தால், வந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளலாம் என்று தொல்காப்பியம் தாராளமாக விட்டுவிடுகிறது. கோடு போட முடியாத மலைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

ஆனால் நோட்டில் எழுதப் போனால் இடறுகிறது. வேங்கை குறிஞ்சி மரம். நம் மலையில் அது நடுச்சரிவில் வறண்ட காட்டில் நிற்கிறது. காயா முல்லைக்குரியது, இங்கே மேல்பகுதியின் பசுங்காட்டிலும் காயா இனம் நிற்கிறது, தண்டோடு ஒட்டினாற்போல் நீலப்பூவாகப் பூத்து. அப்படியானால் கீழே குறிஞ்சி, மேலே முல்லையா? பாலைத் திணைக்குப் பேர் கொடுத்த மரம் எது என்பதிலேயே வெப்பாலை என்பாரும் உலக்கைப்பாலை என்பாரும் உண்டு. நீலக்குறிஞ்சி சேர்வராயனில் உண்டு என்பது பதிவான செய்தி, ஆனால் அது பூக்க 12 வருஷம் காத்திருந்து பேர் வைக்க எங்களால் ஆகாது. கவிதைக்கு ஐந்து போதும், ஒரு மலைக்குள் பத்துப் பதினைந்து இடத்தைப் பிரித்துக் காட்ட ஐந்து போதாது. ஆசிரியரும் கடைசியில் ஒத்துக்கொண்டார், கொஞ்சம் மனசில்லாமல்தான்.

மூன்றாவது, ஓங்கி நிற்கும் மரத்தின் பேரையே வைத்துவிடுவது. இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். கோசான், லெக்ரி, மெஹர்-ஹோம்ஜி ஆகியோர் சேர்ந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் தாவர வரைபடங்கள் போட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மூன்று மரங்களின் பேரைக் கோத்து ஒரு 'தொடர்' என்று பேர், உசிலும் வேலும் சேர்ந்த தொடர் என்பது மாதிரி. வண்ணத்திலேயே தட்பவெப்பம் தெரியும்: ஈரத்துக்கு நீலச் சாயல், வறட்சிக்கு மஞ்சளும் ஆரஞ்சும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது பத்துக் கிலோமீட்டர். சேர்வராயன் மலைத்தொடர் 400 சதுர கிலோமீட்டருக்குப் பக்கம் என்றால், வரைபடத்தில் அது நாலு சதுர சென்டிமீட்டர், ஒரு தபால்தலை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இதைவிட நுணுக்கமான வரைபடங்களைப் பின்னால் போட்டார்கள். நம் கிழக்கு மலைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

முறையை மட்டும் எடுத்துக்கொண்டு நாமே அளந்தால் என்ன என்று இறங்கினோம். கேட்க எளிது: எந்த மரம் அதிகமோ அதன் பேர். 'அதிகம்' என்றால் என்ன என்பதில்தான் ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று.

அடிவாரத்தில் உசில் மரம், சேலத்துப் பக்கம் அரப்பு மரம் என்றால்தான் பலருக்குத் தெரியும், எண்ணெய்க் குளியலுக்கு அரப்புத்தூள் வருவது இதன் இலையிலிருந்துதான். இலைக்காகக் கிளையை ஒடித்து ஒடித்து, அடியோடு வெட்டி, மறுபடி துளிர்த்து, ஒரே வேரிலிருந்து ஆறேழு தண்டு விசிறி மாதிரி விரிந்து நிற்கும். பட்டை மெல்லிசாக உரியும், உரித்த இடம் வழுவழுவென்று பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். இதை ஒரு மரம் என்று எண்ணுவதா, ஏழு என்று எண்ணுவதா? ஒருவர் தண்டை எண்ணினார், இன்னொருவர் வேரை எண்ணினார், இரண்டு கணக்கும் ஒட்டவே இல்லை.

எண்ணிக்கையை விட்டு, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், சுற்றளவை அளந்தால் கதை தலைகீழாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரத்தில் 30 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள உசில் 25 தண்டும், 2 மீட்டர் சுற்றளவுள்ள ஒரே ஒரு புளியமரமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிப்பரப்பு, அதாவது தண்டை அந்த உயரத்தில் குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பு, என்பது சுற்றளவின் வர்க்கத்தை 12.57-ஆல் வகுப்பது. உசில் 25-க்கும் சேர்த்து 0.18 சதுர மீட்டர், புளி ஒன்றுக்கே 0.32. எண்ணிக்கையில் உசில்காடு, பருமனில் புளியங்காடு! இந்தக் குழப்பத்துக்கு ஒரு சமரசம் இருக்கிறது. எண்ணிக்கை, எத்தனை சதுரங்களில் தென்படுகிறது, அடிப்பரப்பு ஆகிய மூன்றையும் நூற்றுக்கு எடுத்துக் கூட்டி 300-க்கு மதிப்பெண் போடுவது. கர்டிஸ், மெக்கின்டாஷ் என்ற இருவர் 1951-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளுக்காகச் செய்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், காடுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்க முடியாது, ஒன்றிலிருந்து ஒன்றாக நழுவிக்கொண்டே போகின்றன என்று காட்டத்தான் அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண்ணை வைத்தே நாம் பெட்டி செய்கிறோம்.

அளப்பது பற்றி ஒரு வார்த்தை. தையல்காரர் டேப் ஒன்றரை மீட்டர்தான், பெரிய மரத்துக்கு எட்டாது. கயிற்றைச் சுற்றி, பிறகு கயிற்றை அளப்பதே வழி. உண்ணிச்செடிப் புதருக்குள் 20 மீட்டர் கயிறு இழுப்பதற்கு அரிவாள் இல்லாமல் போகாதீர்கள் என்று சொல்லலாம் என்றால், ஒதுக்குக் காட்டில் அரிவாளோடு நின்றால் வேறு விசாரணை வரும். முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, முழுக்கைச் சட்டையும் பொறுமையும் கொண்டு போங்கள். மேலே காட்டெருமை நின்றால் அன்றைக்கு அந்தச் சதுரத்துக்கு விடுமுறை.

உண்ணிச்செடி என்றதும் இன்னொரு சிக்கல். நடுச்சரிவில் பல இடங்களில் தரையை மூடி நிற்பது அதுதான், அமெரிக்காவிலிருந்து வந்தது. கீழே சீமைக்கருவேலம். ஓங்கி நிற்பதன் பேரைத்தான் வைப்பேன் என்றால் பாதி மலைக்கு வந்தேறியின் பேரை எழுத வேண்டும். இயற்கைத் தாவரக் கூட்டம் என்ற தலைப்பின் கீழ் அதை எப்படி எழுதுவது? போதாக்குறைக்குத் தாவரவியலார் பேரையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வெக்காலி மரம் அனோகைசஸ் ஆக இருந்தது, இப்போது டெர்மினேலியா. வெள்வேல் அகேசியாவிலிருந்து வச்செல்லியா ஆகிவிட்டது. அறிவியல் பேரில் எழுதிய பழைய வரைபடத் தலைப்புகள் எல்லாம் பழசாகிவிட்டன. வெக்காலி வெக்காலியாகவே நிற்கிறது. அதனால் மரப்பேரைத் தமிழில் எழுதி அறிவியல் பேரைக் கடைசிப் பக்கத்தில் ஒரே இடத்தில் வைத்தால், மாறினால் ஒரு வரி திருத்தினால் போதும்.

இன்னொரு முறையும் இருக்கிறது, சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஸ்விட்சர்லாந்துக்காரரான பிரவுன்-பிளாங்கே உருவாக்கியது: ஒரு சதுரத்திலுள்ள எல்லாச் செடியையும், புல் பூண்டு விடாமல், எழுதி ஒவ்வொன்றும் எவ்வளவு மூடுகிறது என்று 5 வரை மதிப்பெண் போடுவது. முக்கால் பங்குக்கு மேல் மூடினால் 5, பாதிக்கு மேல் 4, இப்படி. பேர் வைப்பதற்கு அவர்கள் நம்புவது ஓங்கிய மரத்தைவிட, அந்தக் கூட்டத்தில் மட்டுமே தென்படும் அடையாளச் செடியை. இது நம் மலைக்கு ரொம்பப் பொருத்தம். மலையின் பேரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரம் இங்கே உண்டு, இப்போது மோனோசிஸ் என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். அரியது என்பதாலேயே அது எந்தச் சதுரத்திலும் எண்ணிக்கையிலோ பருமனிலோ முதலிடம் வராது. ஓங்கிய மரத்தை மட்டும் பார்க்கும் நோட்டில் அதன் பேர் ஏறவே ஏறாது. மரக்கிளையில் தொற்றி வளரும் ஆர்க்கிட்களுக்கும் இதே கதிதான், ஏற்காட்டில் 1963-லிருந்து அவற்றுக்கென்றே ஒரு தேசியத் தோட்டம் இருந்தும். ஆனால் எல்லாச் செடியும் தெரிந்தவர் கூட வேண்டுமே. எங்களுக்குப் புற்களில் பாதி தெரியாது. தெரியாததை எழுதாமல் விட்டால் இந்த முறையில் எல்லாமே கோணலாகிவிடும். ஆகவே வேண்டாம், ஆனால் 'இங்கே மட்டும் பார்த்தது' என்று ஒரு தனிக் கட்டம் சேர்த்துக்கொண்டோம்.

என்னை முடிவுக்குத் தள்ளியது கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் நிலம். மேக்னசைட் தோண்டும் இடத்தைச் சேலத்தில் அப்படித்தான் சொல்வோம். தோண்டாத ஓரங்களில் நின்று பாருங்கள். மழையும் வெயிலும் பக்கத்து நிலத்துக்கு உள்ளதே, ஆனால் செடிகள் குட்டையாக, இடைவெளி விட்டு நிற்கும். மண்ணில் மக்னீசியம் மிகுந்து சுண்ணாம்புச் சத்து குறைந்தால் பெரும்பாலான செடிகள் தடுமாறும். நூறு அடி தள்ளி வேறு பாறை, உடனே வேறு கூட்டம். அங்கே மரத்தின் பேரை எழுதுவதைவிடப் பாறையின் பேரை எழுதினால் படிப்பவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். உச்சியிலும் அதுதான், சார்னோக்கைட் பாறை சிதைந்து உண்டான பாக்சைட் படிந்த மேட்டில் காற்றும் ஆழமில்லாத மண்ணும் சேர்ந்து புல்லைத்தான் நிற்க விடுகின்றன. ஓடைக்கரை இன்னும் தெளிவு: அடிவார முட்காட்டுக்கு நடுவிலேயே, ஓடையின் இரண்டு பக்கமும் பத்தடிக்கு மட்டும் நீர்மருதும் புங்கனும் நாவலும் பச்சைக் கோடாகப் போகும். மரத்தை வெட்டிவிடலாம், உண்ணி வந்து மூடலாம், தாவரவியலார் பேரை மாற்றலாம், ஓடையும் பாறையும் அதே இடத்தில் இருக்கும்.

மலையிலுள்ள மலையாளிப் பழங்குடி ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டபோது அவர் கரடு, ஓடை, மூங்கக்காடு, சோலை, கோயில்காடு என்றுதான் சொல்லிக்கொண்டு போனார். இடமும் மரமும் கலந்த பட்டியல், ஒன்றுகூடப் புரியாமல் இல்லை. நாங்கள் மாதக் கணக்கில் அடித்துக்கொண்டது எதற்கு என்று தோன்றியது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இப்போது எங்கள் நோட்டில் கட்டங்கள் இப்படி இருக்கின்றன. அடிவாரம்: 'கரடு, உசில்–வெள்வேல்', ஓரத்தில் 6ஏ. அதற்குள் போகும் பள்ளம்: 'ஓடைக்கரை, நீர்மருது–புங்கன்', ஓரத்தில் ஒன்றும் இல்லை. நடுச்சரிவு ஒன்று: 'சரிவு, வெக்காலி–வேங்கை, கீழே உண்ணி', ஓரத்தில் 5ஏ/சி3. வந்தேறி எங்கே இருந்தாலும் 'கீழே' அல்லது 'மேலே மூடியது' என்று தனிச் சொல்லாக வரும், கூட்டத்தின் பேராக வராது. மேலே: 'சோலை, நாவல்–காயா', 8ஏ. உச்சி: 'மேட்டுப் புல்வெளி', குறியீடு இல்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பருவத் தேதி.

இன்னும் ஒரு கட்டம் காலிதான். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்ததிலிருந்து மலையின் மேல்பகுதியில் பெரும்பங்கு தோட்டம்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நிழலில் காபி, ஓக் மேல் மிளகுக் கொடி. நடப்பில் இருக்கும் தோட்டத்துக்கு 'நட்டது' என்று எழுதிவிட்டோம், அதில் சண்டை இல்லை. ஆனால் கைவிட்ட தோட்டம் ஒன்று நாகலூர் போகும் வழியில் பார்த்தோம். காபி வானத்துக்கு வளர்ந்து, ஓக் பாதி சாய்ந்து, நடுவே நாவல் கன்றுகள் தானாகவே இடுப்பளவு வந்திருக்கின்றன. ஆசிரியர் திணை மயக்கம் என்கிறார், இன்னொருவர் சோலை என்றே போடு என்கிறார், நான் 'நட்டது' என்பதை அடித்துவிட்டு வேறொன்றும் எழுதாமல் வைத்திருக்கிறேன். கொல்லிமலையிலோ ஜவ்வாதிலோ இந்த மாதிரி இடத்தை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.